வற்றும்போது வந்து பாருங்கள்

எங்கள் வட்டாரத்தின் நிலத்தடி நீருக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

மூடிப்போன பெட்ரோல் பங்கின் தொட்டியிலிருந்து என் கிணற்றுக்கு எண்ணெய் வருகிறது என்று நான் கொடுத்த மனுவை முடித்துவைத்ததாகச் சென்ற மாதம் உங்களிடமிருந்து கடிதம் வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: கிணற்று நீரின் மாதிரி பரிசோதிக்கப்பட்டது. அளவுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கின்றன. மாற்று ஏற்பாடாக ஆழ்துளைக் கிணறு அமைத்துத்தரப் பரிந்துரைக்கப்படுகிறது. இத்துடன் மனு முடித்துவைக்கப்படுகிறது. மொத்தம் நான்கு வரி. நான்கில் ஒன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று முறை நேரில் வந்து சொல்லிவிட்டேன். இனி ஊரறியச் சொல்கிறேன்.

உங்கள் அலுவலகத்தின் பெயரையோ அந்த இடத்துக்காரர்களின் பெயரையோ இங்கே எழுதவில்லை. யாரையும் தலைகுனிய வைக்க வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. என் கிணறு சுத்தமாக வேண்டும். கோப்பு உங்களிடம் இருக்கிறது. எந்தக் கிணறு, எந்தத் தொட்டி என்பது உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், மல்லூர்ப் பக்கம் எங்கள் காட்டுக்கொட்டாய், தோட்டங்களுக்கு நடுவே ஆறு குடும்பங்கள் இருக்கும் இடம். ஒன்றே முக்கால் ஏக்கரில் அரளி. பனமரத்துப்பட்டி வட்டாரத்து அரளியைப் பற்றிச் சேலம் பூ மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விரிந்துவிட்டால் விலை போகாது. மொட்டாகப் பறிக்க வேண்டும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு காட்டுக்குள் இறங்குவது எங்கள் பிழைப்பு. பாசனத்துக்கு ஒரே கிணறு. என் மாமனாரின் அப்பா வெட்டியது. முப்பதுக்கு முப்பது அடி, அறுபதடி ஆழம். மேலே செம்மண், அதன் கீழே சுக்கான், பிறகு பொடிந்த பாறை, முப்பதடிக்குக் கீழே கெட்டிப் பாறை. நாற்பத்திரண்டு படிகள். தண்ணீர் எத்தனை அடி என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மேலிருந்து எண்ணி எத்தனையாவது படி என்றுதான் சொல்வோம்.

கிணற்றுக்குக் கிழக்கே மேட்டில், சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. சாலை நான்கு வழியானபோது அதை மூடினார்கள். கூரையையும் பம்புகளையும் கழற்றி ஏற்றிப் போனதை ஊரே பார்த்தது. மண்ணுக்குள் புதைத்திருந்த தொட்டிகளை எடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அங்கிருந்து என் கிணறு ஏறக்குறைய நூற்றிருபது மீட்டர். நிலம் கிணற்றை நோக்கித்தான் சரிகிறது. மேட்டில் பெய்கிற மழை அந்த வழியாகத்தான் எங்கள் ஓடைக்கு வருகிறது.

2023 சித்திரையில் தூர் வார ஆள் இறக்கினோம். தண்ணீர் முப்பத்தோராம் படியில் கிடந்தது. இறங்கிய தம்பி கால் மணி நேரத்தில் மேலே வந்து, தலை சுற்றுகிறது என்று வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார். வெயில் என்று நினைத்தோம். அவர் சட்டையை வாங்கி முகர்ந்தபோதுதான் புரிந்தது. லாரிப் பட்டறைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த வாடை.

அதற்கு முந்தைய ஆண்டே எங்களுக்கு அறிகுறிகள் காட்டப்பட்டன; நாங்கள்தான் படிக்கத் தெரியாமல் இருந்துவிட்டோம். கிணற்றில் விட்டிருந்த ஜிலேபி மீன்கள் ஒரு மாசியில் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மாடு தொட்டியில் வாய் வைக்காமல் முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொட்டுநீர்க் குழாய்களின் துளைகளில் துரு நிறத்தில் கூழ் போல ஒன்று அடைத்துக்கொண்டே இருந்தது. குச்சியால் குத்திக் குத்தி என் விரல் நுனி காய்த்துப்போனது. பிறகுதான் வேதியியல் படிக்கும் என் மகள் விளக்கினாள். மண்ணுக்குள் எண்ணெய் போனால் அதைத் தின்கிற நுண்ணுயிரிகள் பெருகும். அவை தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் மண்ணில் இருக்கும் இரும்பு கரைந்து வரும். வெளிக்காற்று பட்டதும் அந்த இரும்பு துருவாகப் படியும். மீன் செத்ததும் குழாய் அடைத்ததும் ஒரே காரணத்தால் இருக்கலாம் என்றாள். ஓடைப் பக்கம் ஒரு வரிசை அரளி வாடியதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம்தான். ஆனால் அதற்கு வேர்ப்பூச்சியும் காரணமாக இருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியாததை உங்களிடம் புகாராக வைக்க மாட்டேன்.

உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. அதற்கு என்னிடம் நோட்டு இருக்கிறது.

2023 வைகாசியிலிருந்து வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, கிணற்றில் இறங்கிப் பார்த்து எழுதி வருகிறேன். தேதி, எத்தனையாவது படி, வாடை உண்டா இல்லையா, எண்ணெய் எவ்வளவு. எண்ணெயை அளக்க ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். அதைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கி, மேல்வாயைக் கட்டை விரலால் அடைத்துத் தூக்கினால், தண்ணீரும் மேலே மிதப்பதும் இருந்தபடியே குழாயில் நிற்கும். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கீழே தண்ணீர் நிறமற்று இருக்கும். அதன் மேல் நல்லெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரியும். பங்குனி, சித்திரை மாதங்களில் அந்தப் பட்டை ஒரு விரற்கடைக்கு மேல் இருந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் குழாயில் ஒன்றும் நிற்பதில்லை. தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் மெல்லிய படலம் சில நாள் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது.

கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளாக இது மாறவில்லை. தண்ணீர் இருபதாம் படிக்கு மேலே ஏறினால் எண்ணெய் மறைகிறது. இருபதாம் படிக்குக் கீழே இறங்கினால் வெளியே வருகிறது. அந்த உயரத்தில் கிணற்றின் கிழக்குச் சுவரில், பொடிந்த பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் இடத்தில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து அது எங்கள் நல்ல ஊற்றுக்கண். இப்போது அதன் உதடு கறுத்திருக்கிறது. தொட்டால் விரல் வழுக்கும்.

இது ஏன் இப்படி என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசானவை. நிலத்தடியில் நீர்மட்டத்தின் மேல்தான் பரவும். மழையில் நீர்மட்டம் ஏறும்போது, ஏற்கெனவே மண்ணிலும் பாறை வெடிப்பிலும் அப்பியிருக்கிற எண்ணெய் நீருக்கு அடியில் சிறைப்பட்டுவிடும், கிணற்றுக்கு வராது. கோடையில் மட்டம் இறங்கும்போது அது வெடிப்பிலிருந்து வடிந்து கிணற்றுக்குள் வந்து சேரும். கார்த்திகையில் எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. ஒளிந்திருக்கிறது.

நீங்கள் வந்தது கார்த்திகையில்.

அன்று தண்ணீர் ஒன்பதாம் படியில் நின்றது. உங்கள் அலுவலர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா" என்றார். நோட்டைக் காட்டினேன். மரியாதையாகத்தான் வாங்கிப் புரட்டிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். மோட்டாரைப் போடச் சொன்னார். தொட்டியில் கொட்டுகிற தண்ணீரில், குடித்து முடித்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, முக்கால் பாட்டில் பிடித்தார். மூடியைத் திருகி, வண்டியின் பக்கப் பையில் வைத்துக்கொண்டு போனார். உச்சி வெயில். அந்த மாதிரியை ஆய்வகம் பெற்றுக்கொண்ட தேதி உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது: ஒன்பது நாள் கழித்து.

அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்து அனுப்பப்பட்ட வேலையை அவர் செய்தார். கோபம் அந்த வேலையின் மேல். பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுயீன் போன்ற பொருள்கள் காற்றில் பறந்துபோகிறவை. அவற்றைப் பார்ப்பதற்கான மாதிரியைப் பழுப்பு நிறக் கண்ணாடிச் சிறு குப்பியில், காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது ஆய்வக முறை. மோட்டார் இறைத்துத் தொட்டியில் விழும்போதே பாதி பறந்திருக்கும். பாட்டிலின் காலி இடத்திலும் வெயிலிலும் ஒன்பது நாளிலும் மீதி போயிருக்கும். அதோடு, மோட்டாரின் உறிஞ்சு குழாய் தண்ணீருக்கு அடியில் பத்தடிக்குக் கீழே இருக்கிறது. மேலே மிதப்பதை அது எப்படி எடுக்கும்?

சரி, மாதிரி எப்படியோ போகட்டும். எதைப் பரிசோதித்தீர்கள்? அறிக்கை என் முன்னால் இருக்கிறது. கார அமிலத்தன்மை, கரைந்துள்ள உப்புகள், கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு. எல்லாம் வரம்புக்குள். நல்லது. எண்ணெய் வருகிறது என்று மனுக் கொடுத்தவளுக்கு உப்புக் கணக்கை அனுப்பியிருக்கிறீர்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, பெட்ரோலியத்திலிருந்து வரும் தாது எண்ணெய்க்கே தனியாக வரம்பு வைத்திருக்கிறது: லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், அதற்கு மேல் தளர்வு கிடையாது. அந்த ஒரு வரி உங்கள் அறிக்கையில் இல்லை. தேடாததை இல்லை என்று எழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பென்சீனைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் ஐயம் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. இன்றைய பி.எஸ். 6, அதாவது புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 தரப் பெட்ரோலில் அது 1 சதவீதம் வரை இருக்கலாம். அந்த பங்க் நடந்த காலத்தில் இதைவிட அதிகமாகவே அனுமதிக்கப்பட்டிருந்தது. 1 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிராம் பென்சீன். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகளும் நானும் திண்ணையில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் 9 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும். என் கிணற்றில் முப்பத்தாறு அடி தண்ணீர் நின்றால் அதன் கொள்ளளவும் கிட்டத்தட்ட 9 லட்சம் லிட்டர்தான். ஒரு கிணறு தண்ணீருக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். அந்தத் தொட்டியில் எத்தனை லிட்டர் விட்டுப்போனார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

தனியார் ஆய்வகத்தில் நாங்கள் பரிசோதித்த அறிக்கையை மனுவோடு இணைத்திருந்தேன். தனியார் அறிக்கை ஏற்கப்படாது என்றீர்கள். அதனால் அதில் உள்ள எண்களை இங்கே எழுதவில்லை. என் எண்களை நம்ப வேண்டாம். நீங்களே எடுங்கள், ஆனால் முறையாக எடுங்கள்.

இப்போது அந்த ஆழ்துளைக் கிணற்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய வரி அதுதான். கொட்டாயில் பலர் இதற்கு மகிழ்ந்தார்கள். இலவசமாகப் போர்வெல் கிடைக்கிறது, நீ ஏன் தடுக்கிறாய் என்று என்னிடம் சண்டைக்கே வந்தார்கள். எங்கள் பகுதியில் போர் போடுவது எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் மண் சரியாமல் இருக்கக் கெட்டிப் பாறை தட்டும் வரை கேசிங் குழாய் இறக்குவார்கள். அதற்குக் கீழே எழுநூறு அடியானாலும் எண்ணூறு அடியானாலும் வெறும் துளைதான். சேலத்துப் பாறையில் தண்ணீர் மணலில் பரவுவது போலப் பரவுவதில்லை. வெடிப்பு வெடிப்பாக ஓடுகிறது. முப்பதடி வெடிப்பில் இருக்கும் நஞ்சுக்கும் ஐந்நூறடி வெடிப்பில் இருக்கும் நல்ல தண்ணீருக்கும் நடுவே இன்றைக்குப் பாறை நிற்கிறது. நீங்கள் போடும் துளை அந்த இரண்டையும் இணைத்துவிடும். எண்ணெய் மிதக்கும், உண்மைதான். ஆனால் பென்சீன் தண்ணீரில் கரையும். கீழே இருந்து மோட்டார் இழுக்க இழுக்க, கரைந்தது இறங்கி வரும். இன்றைக்குக் கெட்டிருப்பது என் ஒரு கிணறு. கீழ்மட்டமும் கெட்டால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டங்களின் போர்வெல்களில் அது எங்கே எப்போது தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிவாரணம் என்று நினைத்து நீங்கள் கொடுப்பது எங்கள் எல்லோருக்கும் கேடாக முடியும்.

இடத்துக்காரர்கள் தரப்பில் ஒருவர் வந்தார். கிணற்றை ஒட்ட இறைத்து ஓடையில் விட்டுவிட்டால் புதுத் தண்ணீர் ஊறும், செலவை நாங்கள் தருகிறோம் என்றார். ஓடை ஏரிக்குப் போகிறது. ஏரியில் ஊர் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. மறுத்துவிட்டேன். அதற்கும் மேல், மூலத்தை விட்டுவிட்டுக் கிணற்றை இறைப்பது ஓட்டைக் கூரையின் கீழே தரையைத் துடைப்பது போன்றது. நான் இறைக்க இறைக்க, மேட்டிலிருந்து எண்ணெய் இன்னும் வேகமாக என்னை நோக்கித்தான் வரும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவு. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் வரை அந்த மக்கள் போக வேண்டியிருந்தது.  அதை நேரில் பார்த்த மாநிலத்தில், நான் மீண்டும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் உங்கள் கையைக் கட்டிப்போடவில்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் நீரோட்டம் என்ற சொல்லுக்குள் நிலத்தடி நீரும் அடங்கும் என்று இரண்டாம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. மாசுப்பொருளை நீரோட்டத்திலோ கிணற்றிலோ சேர விடக் கூடாது என்பது 24ஆம் பிரிவு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டமாக உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதி செய்தது, நம் வேலூர் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு வழக்கில்தான். 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதிய பெட்ரோல் பங்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது: பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும், எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. திறக்கப்போகிற பங்குக்கு இவ்வளவு கவனம் காட்டுகிறோம். மூடிவிட்டுப் போன பங்கின் அடியில் கிடக்கும் தொட்டியை யார் கவனிப்பது?

அதற்கும் இப்போது வழி வந்துவிட்டது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கென்றே தனி விதிகளை அறிவித்தது. மாசடைந்திருக்கலாம் என்று ஐயம் உள்ள இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். தகவல் வந்த 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு, அதன்பின் மூன்று மாதத்துக்குள் விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் சீரமைப்புத் திட்டம், மாசுபடுத்தியவரைக் கண்டறிந்து அவரிடம் செலவை வாங்குவது. விதி வந்த பிறகு நீங்கள் என் கிணற்றுக்கு வந்தீர்கள். அந்த விதியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது இவைதான்.

முடித்துவைத்த மனுவை மீண்டும் திறந்து, அந்தப் பழைய பங்க் இருந்த இடத்தையும் என் கிணற்றையும் சேர்த்து, ஐயத்துக்குரிய மாசடைந்த இடமாக 2025 விதிகளின்படி அடுத்த பட்டியலில் சேருங்கள். சேர்த்ததை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுப் பரிந்துரையைத் திரும்பப் பெறுங்கள். ஆய்வு முடியும் வரை அந்தத் தொட்டியைச் சுற்றியுள்ள நிலத்தில் புதிதாக யாரும் ஆழ்துளை போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை கொட்டாயின் ஆறு குடும்பங்களுக்கும் மாடுகளுக்கும் லாரியில் தண்ணீர் கொடுங்கள். ஊராட்சிக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாள்களை நம்பி மாடு வளர்க்க முடியாது.

உடனே, நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று: கிணற்றைச் சுற்றி வேலியும் எச்சரிக்கைப் பலகையும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள் தங்கும். மோட்டார் சுவிட்சின் ஒரு பொறி போதும். தூர் வார இறங்கிய தம்பி அன்று மேலே வந்துவிட்டார். இன்னொருவர் வருவார் என்று உறுதி இல்லை. வேலிக்குக் காசில்லை என்றால் சொல்லுங்கள், நான் போடுகிறேன். உங்கள் பலகை வேண்டும், ஏனென்றால் என் சொல்லை யாரும் கேட்பதில்லை.

அந்த இடத்தில் மண்ணைத் தோண்டித் தொட்டிகளை வெளியே எடுங்கள். எத்தனை தொட்டி, எதில் ஓட்டை, எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று ஊரார் முன்னிலையில் பதிவு செய்யுங்கள். மண்ணுக்கடியில் ஓடிய குழாய்களையும் விடாதீர்கள். எண்ணெய் ஊறிய மண்ணை எங்காவது பள்ளத்தில் கொட்டிவிட்டால் இதே கதை வேறொரு கிணற்றில் தொடங்கும். அந்த மண்ணைத் தார்ப்பாய் மேல் குவித்து, காற்றும் ஈரமும் உரச்சத்தும் கொடுத்து, எண்ணெய் தின்னும் நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்தப்படுத்தும் முறை நம் நாட்டிலேயே இருக்கிறது. டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர் என்ற நுண்ணுயிரிக் கலவை அப்படிப்பட்டதுதான். பாறைக்கு மேலே உள்ள மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுக்கும் முறையும், கிணற்றில் மிதப்பதை மட்டும் வழித்தெடுக்கும் முறையும் உலகம் முழுவதும் பெட்ரோல் பங்குகளில் செய்கிறவை. எது எங்கள் பாறைக்கு ஒத்துவரும் என்று தீர்மானிக்கப் பாறை அறிந்தவரைக் கூட்டிவாருங்கள்.

கண்காணிப்புக்குத் தனியாகக் குழாய்க் கிணறுகள் வேண்டும். தொட்டிக்கும் என் கிணற்றுக்கும் நடுவே, கிணற்றைத் தாண்டி ஓடைப் பக்கம், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று. ஆழம் தேவையில்லை, நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவுக்குப் போதும். மாதம் ஒரு முறை நீர்மட்டத்தையும் எண்ணெயின் தடிமனையும் அளந்து எழுதுங்கள். ஆய்வக மாதிரியைச் சித்திரையிலும் கார்த்திகையிலும் கட்டாயம் எடுங்கள். பென்சீன் வகை, தாது எண்ணெய், இரும்பு, கரைந்த ஆக்சிஜன் எல்லாவற்றையும் பாருங்கள். எடுத்த எண்ணெய் பெட்ரோலா டீசலா, பழையதா புதியதா என்பதை ஆய்வகத்தில் கண்டறிய முடியும். லாரி நிறுத்துகிறவர்கள் மேல் வீண்பழி வராமல் இருக்கவும் அது வேண்டும். சுத்தம் செய்த பிறகும் குறைந்தது மூன்று கோடை இதைத் தொடருங்கள். ஒவ்வொரு அளவையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

அளவெடுக்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். என் நோட்டைத் தருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் நான் எப்படியும் இறங்கிப் பார்க்கத்தான் போகிறேன். எது சரியான முறை என்று ஒரு நாள் சொல்லிக்கொடுங்கள், அதன்படி எழுதுகிறேன்.

இந்த மடலை எழுதும் இன்று தண்ணீர் பதினேழாம் படியில் நிற்கிறது. இந்த வெயிலுக்கு மாசிக் கடைசியில் இருபதைத் தொடும். பங்குனி முதல் வெள்ளி காலை ஏழு மணிக்குக் கிணற்றடியில் இருப்பேன். கண்ணாடிக் குப்பியும் பனிக்கட்டிப் பெட்டியும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மல்லூர்ப் பக்கத்து அரளி விவசாயி ஒருத்தி